சைக்கிளில் வேலைக்குப் போனால் பெட்ரோல் காசு யாருக்கு மிச்சம்?

திருமுல்லைவாயலில் இருந்து 46 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. சம்பளம் 19,800 ரூபாய், இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. வீட்டிலிருந்து கம்பெனி 8 கிலோமீட்டர். ஸ்கூட்டரில் போய் வருகிறார். அந்த ஸ்கூட்டருக்கு மாதம் 2,640 ரூபாய் வீதம் இன்னும் 11 தவணை பாக்கி. மகள் இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பதினோராம் வகுப்பில் அவளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் துணி காயப்போடும் கம்பியாக நிற்கிறதாம். அதைத் தட்டி எடுத்து வேலைக்கு ஓட்டிப் போனால் பெட்ரோல் 1,900, தவணை 2,640, சர்வீஸ் 400, இன்சூரன்ஸ் 150, ஆக மாதம் 5,090 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 60,000, மகளின் ஃபீஸ் வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

கூடவே சில கேள்விகள். பெட்ரோலுக்கு பங்க் பில் கொடுத்தால் கம்பெனி மாதம் 1,000 ரூபாய் வரை தருகிறது. சைக்கிளில் போனாலும் பில் கொடுத்துக்கொண்டே இருக்கலாமா? "யாரும் பார்க்கப்போவதில்லை" என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். சும்மா நிற்கும் ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் எதற்கு? அல்லது, மைத்துனரின் நண்பருக்குப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாமா? சைக்கிளில் ஒரு மோட்டார் கிட் மாட்டிக்கொண்டால் ஏதாவது சிக்கலா? கடைசியில் அவர் மனைவி கேட்டது: "சைக்கிளுக்கு இன்சூரன்ஸே கிடையாதே, லாரி இடித்தால் நம்ம கதி என்ன?"

ஐயா, உங்கள் மனைவியின் கேள்விதான் இந்தக் கடிதத்தில் கனமானது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் கணக்கைச் சரி செய்துவிடுவோம். நான் தொழிலாளர் வழக்கும் விபத்து வழக்கும் பார்க்கும் வக்கீல், ஆடிட்டர் இல்லை. ஆனாலும் உங்கள் கூட்டலில் ஓட்டை இருப்பது எனக்கே தெரிகிறது.

முதலில் கணக்கு

போக வர 16 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 416 கிலோமீட்டர். ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் வேலைக்குப் போய்வர ஆகும் செலவு சுமார் 930 ரூபாய்தான். மீதி 970 எங்கே போகிறது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: காலையில் மனைவியை அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் விடுவது, ஞாயிற்றுக்கிழமை செங்குன்றத்தில் மாமியார் வீடு, இடையில் கடை கண்ணி. சைக்கிளுக்கு மாறினாலும் அந்த ஓட்டம் நிற்காது. அதை யார், எதில் ஓட்டுவது என்ற கேள்விதான் மிஞ்சும்.

அந்த 930 ரூபாயும் உங்கள் பையிலிருந்து போகவில்லை. கம்பெனி 1,000 தருகிறது. அதாவது சைக்கிள் மிச்சம் பிடிக்கும் பெட்ரோல் காசு கம்பெனியுடைய காசு. நேர்மையாக பில் கொடுப்பதை நிறுத்தினால் பெட்ரோலில் 930 வரவு, கம்பெனி தரும் பெட்ரோல் படியில் 1,000 இழப்பு. சர்வீஸில் பாதி குறையும், 200 வரவு. சைக்கிளுக்குப் பஞ்சர், செயின் எண்ணெய், பிரேக் கட்டை என்று மாதம் 100 போட்டுக்கொள்ளுங்கள். கூட்டிக் கழித்தால் மிச்சம் 30 ரூபாய். எஸ்டேட் (தொழிற்பேட்டை) கடையில் இரண்டு டீ.

தவணையை நீங்கள் மிச்சத்தில் சேர்த்தது இன்னொரு தவறு. ஸ்கூட்டரை ஓட்டினாலும் நிறுத்தினாலும் தவணை ஓடும். விற்றுக் கடனை அடைத்தாலும் அது மிச்சம் ஆகாது. உங்கள் பொருளைக் கொடுத்து உங்கள் கடனைத் தீர்க்கிறீர்கள், அவ்வளவுதான். கொஞ்சம் வட்டி குறையலாம், முன்கூட்டி முடிக்கும் கட்டணம் அதைத் தின்றும் விடலாம்.

ஸ்கூட்டரை விற்றே விட்டால்? பெட்ரோல் 1,900, சர்வீஸ் 400, இன்சூரன்ஸ் 150 மொத்தமும் நிற்கும். பெட்ரோல் படி 1,000 போகும். பஸ், ரயில், எப்போதாவது ஆட்டோ என்று 600, சைக்கிளுக்கு 100. மீதி 750. உங்கள் மனைவிக்கு நகரப் பேருந்தில் மகளிர் விடியல் பயணம் இருப்பதால்தான் 600-இல் நிற்கிறது.

30, 750 என்ற இந்த இரண்டு மிச்சத்துக்கும் சாவி அந்த 1,000 ரூபாய் படிதான். பில் கேட்காத நிலையான போக்குவரத்துப் படியாக அது மாறிவிட்டால் ஸ்கூட்டரை வைத்துக்கொண்டே மாதம் 1,030 மிச்சம், விற்றுவிட்டால் 1,750. உங்கள் 5,090 கிடைக்காது. ஆனால் வருடத்துக்கு 12,000-லிருந்து 21,000 வரை கிடைக்கும். அதைச் சின்னதென்று நான் சொல்ல மாட்டேன்.

பெட்ரோல் பில்

"யாரும் பார்க்கப்போவதில்லை" என்று சொன்ன நண்பர்கள் யாரும் உங்களோடு விசாரணை அறையில் வந்து உட்காரப்போவதில்லை. போடாத பெட்ரோலுக்கு பில் கொடுத்துப் பணம் வாங்குவது கம்பெனியை ஏமாற்றுவது. நிலையாணைகளில், அதாவது கம்பெனியின் வேலை விதிகளில், நேர்மையின்மை, மோசடி என்பது தொகை பார்க்காத குற்றச்சாட்டு. 1,000 ரூபாய்க்கும் சார்ஜ் மெமோ வரும், உள்விசாரணை வரும், வேலையும் போகலாம். ஸ்டோர்ஸில் இருப்பவர் மீது வந்தால் இன்னும் மோசம். சரக்குக் கணக்கு முழுவதையும் திருப்பிப் பார்ப்பார்கள்.

இதைவிட எனக்குப் பயம் தருவது வேறு ஒன்று. 12-ஆம் தேதி சைக்கிளில் போகும்போது உங்களை ஒரு வண்டி இடிக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்று நீங்கள் இழப்பீடு கேட்கிறீர்கள். கம்பெனி கோப்பைத் திறந்தால் அதே 12-ஆம் தேதி ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டதாக உங்கள் கையெழுத்தோடு ஒரு பில். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் சந்தேகத்தோடுதான் கேட்கப்படும்.

ஆகவே பில்லை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். "இன்ன தேதி முதல் சைக்கிளில் வேலைக்கு வருகிறேன். பெட்ரோல் பில் அடிப்படையில் தரப்படும் தொகையை நிலையான போக்குவரத்துப் படியாக மாற்றித் தரவும், சைக்கிள் நிறுத்த உள்ளே இடம் தரவும் வேண்டுகிறேன்" என்று நான்கு வரி எழுதி மனிதவளப் பிரிவில் கொடுங்கள். தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை, கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 1,000 கேட்டு 600 கிடைத்தாலும் லாபம்தான். அப்படி நிலையான படியாக வருவது சம்பளத்தின் ஒரு பகுதி, நடந்து வந்தாலும் யாரும் கேட்க முடியாது. அதற்கு வருமான வரியில் இருந்த மாதம் 1,600 ரூபாய் விலக்கு 2018-இல் போய்விட்டது, உங்கள் சம்பளத்துக்கு அது கவலையில்லை.

லாரி இடித்தால்

உங்கள் மனைவி ஒரு தவறான எண்ணத்தில் இருக்கிறார். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேருக்கு இருக்கும் எண்ணம்தான் அது. சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லாததால் சைக்கிள்காரருக்கு இழப்பீடு இல்லை என்று நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் இழப்பீடு தருவது மோதிய வண்டியின் இன்சூரன்ஸ். நடந்து போகிறவருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லையே, அதேதான். லாரி ஓட்டியவர் மீது தவறு இருந்தால் மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், ஊனம், வலி எல்லாவற்றுக்கும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். விபத்து நடந்த இடத்தில்தான் என்றில்லை, நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால், நம்பரும் கிடைக்காவிட்டால், படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் மரணத்துக்கு 2 லட்சமும் அரசுத் திட்டத்தில் உண்டு. முதல் 48 மணி நேர சிகிச்சைக்குத் தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் பணம் கட்டச் சொல்லிக் காத்திருக்க வைக்கக் கூடாது.

உங்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது, இ.எஸ்.ஐ. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்தை வேலைக் காயமாகவே கருத வேண்டும் என்று 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இதே ஏற்பாடு இருக்கிறது. ஸ்கூட்டரா சைக்கிளா என்று சட்டம் பார்ப்பதில்லை. நேரமும் இடமும் வேலையோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். இரவு 7 மணிக்கு வேலை முடிந்து, வழக்கமான வழியில் 7.20-க்கு விழுந்தால் பொருந்தும். செங்குன்றம் போய்விட்டு 10 மணிக்குத் திரும்பும்போது விழுந்தால் பொருந்தாது. சாதாரண நோய் விடுப்புக்கு இ.எஸ்.ஐ. சம்பளத்தில் 70 சதவீதம் தருகிறது. வேலைக் காயத்துக்கு 90 சதவீதம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மாதம் கட்டிலில் படுத்துப் பார்த்தவர் சொல்வார். இ.எஸ்.ஐ. கிடைக்கிறதே என்று லாரியின் இன்சூரன்ஸை விட்டுவிடாதீர்கள். வக்கீலிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உரிமை எல்லாம் சரி, அதைக் கெடுத்துக்கொள்வது நாம்தான். எங்கே கெடுகிறது என்று சொல்கிறேன். அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். கேசுவாலிட்டியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்கிறார். போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டாம் என்று நினைத்து, கூட வந்தவர் "சைக்கிள்ல இருந்து தானா விழுந்துட்டார் சார்" என்கிறார். விபத்துப் பதிவேட்டில் அது ஏறிவிடுகிறது. நாங்கள் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது அதைத்தான். மூன்று மாதம் கழித்துக் கால் சேரவில்லை என்று என்னிடம் வருவார்கள். அந்த ஒரு வரியை மாற்ற நான் இரண்டு வருடம் சாட்சி விசாரிக்க வேண்டும். இடித்தது வண்டி என்றால் வண்டி என்றே சொல்லுங்கள். நம்பர் தெரிந்தால் அப்போதே சொல்லுங்கள். இடித்தவர் 2,000 ரூபாயை நீட்டி "பேசி முடிச்சுக்கலாம்" என்றால் வாங்காதீர்கள், உள்காயம் அடுத்த நாள்தான் வலிக்கும்.

அப்புறம், நான் நடத்திய ஒரு வழக்கு. விடியற்காலை 5.30 மணிக்கு வேலைக்குக் கிளம்பிய கொத்தனார், சைக்கிள், பின்னால் வந்த வேன். சாட்சிக் கூண்டில் அவர் மகனிடம் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "உங்க அப்பா சைக்கிள்ல பின்னாடி சிவப்புக் கண்ணாடி இருந்துச்சா?" பையன் தலையைக் குனிந்துகொண்டான். மட்கார்டு உடைந்தபோது அதுவும் போயிருந்தது. அவர் பங்குத் தவறு என்று ஒரு பகுதியைக் கழித்துத்தான் தொகை வந்தது. அந்தச் சிவப்புக் கண்ணாடி சைக்கிள் கடையில் 30, 40 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒளிரும் பின்விளக்கு 200 ரூபாய்க்குள். சி.டி.எச். ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பவர், இரவு ஷிப்ட் முடிந்து நீங்கள் வருவது அவருக்கு அந்தச் சிவப்புப் புள்ளியால்தான் தெரியும். எதிர்த்திசையில் ஓட்டுவது, காதில் இயர்போன், இதெல்லாமும் அதே கழித்தலில் சேரும். சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை, கட்டாயமில்லாததையும் போட்டுக்கொள்ளுங்கள்.

நிற்கும் ஸ்கூட்டர்

நின்றாலும் இன்சூரன்ஸ் போட்டே ஆக வேண்டும். "நான் ஓட்டப்போவதில்லை" என்பது உங்கள் முடிவு. மகளுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு மழை நாளில் அவள் எடுத்துக்கொண்டு போய் யாரையாவது இடித்துவிட்டால், இன்சூரன்ஸ் இல்லாத வண்டியின் இழப்பீடு சொந்தக்காரர் தலையில்தான். பல லட்சம் வரை போகும். போலீஸ் பிடித்தாலே முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். 75 முதல் 150 சிசி வரையிலான வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 2022-இல் நிர்ணயித்தபடி வருடத்துக்கு 714 ரூபாய், வரி தனி. மாதம் 70 ரூபாய்க்குப் போய் இந்த அபாயத்தை வாங்காதீர்கள். கடன் தீரும்வரை முழுக் காப்பீடு வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கும், பாருங்கள்.

மைத்துனரின் நண்பருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது இதைவிட ஆபத்து. ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்றில்) கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கும்போது அவர்கள் தடையின்மைச் சான்று இல்லாமல் நீங்கள் விற்கவே முடியாது. கடனை முடித்து, படிவம் 35 வாங்கி அந்தப் பெயரை எடுத்து, பிறகு படிவம் 29, 30 போட்டு ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்ற வேண்டும். பெயர் மாறாத வரை சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர் நீங்கள்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் முன் வந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தது. விபத்து நடந்த அன்று அதற்கும் முதல் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. ஆர்.சி.யில் அவர் பெயர் இருந்ததால் இழப்பீட்டை அவர்தான் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாகியது. மைத்துனர் நல்லவர்தான். அவர் நண்பரும் நல்லவராகவே இருக்கட்டும். பெயரை மாற்றிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

மோட்டார் கிட்: 250 வாட்டுக்குக் குறைவான சக்தி, 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகம், அங்கீகாரம் பெற்ற சோதனை அமைப்பின் சான்று, இந்த மூன்றும் இருந்தால்தான் அது சைக்கிள் கணக்கில் வரும். பஜாரில் வாங்கி வெல்டிங் வைத்து மாட்டுவதில் சான்று இருக்காது. சான்றில்லாத கிட் மாட்டினால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டியை ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். வேண்டாம்.

என் யோசனை இதுதான். இப்போதைக்கு ஸ்கூட்டரை விற்காதீர்கள். மூன்று மாதம் சைக்கிளில் போய்ப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள், ஆரம்பிக்கும் முன் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அம்பத்தூரில் தண்ணீர் நிற்கும் நாட்களில் சைக்கிளை எடுக்க வேண்டாம். திருமுல்லைவாயலில் ரயில் ஏறினால் அடுத்தது அம்பத்தூர், அதற்கடுத்தது பட்டரவாக்கம், இறங்கினால் எஸ்டேட். படி விஷயத்தில் கம்பெனி என்ன சொல்கிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். தவணை முடிய 11 மாதம் இருக்கிறது. முடிந்தபின் ஸ்கூட்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிறது என்றால் அப்போது முறையாக விற்கலாம்.

லேடீஸ் சைக்கிளில் வருவதாக எஸ்டேட்டில் கேலி செய்வார்கள் என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள், அடித்தது நன்றாகவே தெரிகிறது. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்தது உங்கள் அம்பத்தூரில்தான். அங்கே சைக்கிளில் வேலைக்குப் போவதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. நடு பார் இல்லாத சைக்கிளில் 46 வயதில் ஏறி இறங்குவது சுலபம் என்பதையும் பார்க்க வேண்டும்.

கடையில் ஓவராயிலிங் செய்யக் கொடுக்கும்போது டயர், ட்யூப், பிரேக் கட்டை மூன்றையும் மாற்றச் சொல்லுங்கள், ரிம்மில் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். 2,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். பதினாறு வயதுப் பெண்ணின் உயரத்துக்கு வைத்த சீட் அது. நீளமான சீட் பைப் போட்டு, உட்கார்ந்து பெடலைக் கீழே மிதித்தால் முழங்கால் லேசாக மட்டும் மடங்கும் அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் முட்டி பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கவிழ்த்துப் போட்டிருக்கும்போதே பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் நம்பரை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருடு போனால் போலீஸ் கேட்பது அதைத்தான். மனிதவளப் பிரிவுக்குக் கொடுக்கும் கடிதத்தை இரண்டு பிரதி எடுங்கள், உங்கள் பிரதியில் தேதியோடு ஆபீஸ் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.